கேட்டுல கொஞ்சம் நில்லுங்க பாஸ்!

அம்பத்தூர்ல டிரெயின் ஏறுறவங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. ஆவடிப் பக்கம் அடுத்த ஸ்டேஷன் எது? திருமுல்லைவாயில். பேருலயே வாசல் இருக்கு! ஆனா, எந்த வாசலையாவது நின்னு பார்த்திருக்கோமா? காலேஜ் கேட்டுல ஐ.டி. கார்டைக் காட்டிட்டு ஓடுறோம். எஸ்டேட் கம்பெனி கேட்டுல இன்டர்வியூ டென்ஷன். நமக்கும் வாசலுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன், போன மாசம் பாட்டியைக் கூட்டிக்கிட்டு பரங்கிமலைக்குப் போற வரைக்கும்.

சென்ட்ரல் வரைக்கும் லோக்கல், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அங்கேயிருந்து தாம்பரம் வண்டி. இறங்கி ஒரு ஆட்டோ. மலையோட வடக்கு அடிவாரத்தில் நான்கு வளைவுகளோடு நிற்கிறது வாசல். உச்சியில் சிலுவை, அதில் 1547 என்ற வருடம். பாட்டி படிகளை நிமிர்ந்து பார்த்தார். ''முட்டி கேக்காது கண்ணு. நீ போயிட்டு வா, நான் இங்கயே உக்கார்றேன்.''

1547-ஐ பார்த்ததும் 'அடேங்கப்பா, அப்பவே கட்டினதா!'னு எக்ஸாம்ல எழுதிடாதீங்க. மலை உச்சியில் அஸ்திவாரம் தோண்டியபோது போர்ச்சுக்கீசியர்களுக்குப் பழைய கல் சிலுவை கிடைத்த வருடம் அது. கட்டடத்தில் இருக்கும் வருடம், கட்டிய வருடமாகத்தான் இருக்கணும்னு இல்லை. அது கொண்டாடுற விஷயத்தோட வருடமாவும் இருக்கலாம். மலைக்குப் படிகள் கட்டக் காசு கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. 1726-ல் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவர்தான்.

இங்கிலாந்துப் பக்கம் பழைய வாசல்களை ஒட்டிச் சின்னதா ஒரு வீடு இருக்கும். பேர் லாட்ஜ். (ரூம் போடுற லாட்ஜ் இல்லீங்க!) வாசல் காப்பவர் குடும்பத்தோட குடியிருக்கும் இடம். நம்ம எஸ்டேட் செக்யூரிட்டி ரூம் அதுக்குத் தம்பி முறை. கிராமத்து சர்ச்சுகளில் 'லிச் கேட்'னு கூரை போட்ட வாசலும் உண்டு. 'லிச்' என்றால் பழைய ஆங்கிலத்தில் பிணம். சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள், பாதிரியார் வரும்வரை அங்கே இறக்கி வைத்துக் காத்திருப்பார்கள். நம்ம ஊர் சுமைதாங்கிக் கல் மாதிரி. ஆக, வாசல்ங்கிறது உள்ளே போறவங்களுக்கு மட்டும் இல்லை, காத்திருக்கிறவங்களுக்கும்தான்.

சிவில் மூளை சும்மா இருக்குமா? வளைவை எடுத்துக்கங்க. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்திப் பிடிச்சு நிக்குது. கம்பி வேண்டாம். பாரம் வளைவு வழியா தூணுக்கு இறங்கும். போற போக்கில் தூணைப் பக்கவாட்டில் தள்ளவும் செய்யும். அதனாலதான் ஓரத்துத் தூண்கள் குண்டா இருக்கணும். நடுவில் இருக்கிற தூணுக்கு அந்தக் கவலை குறைவு. ரெண்டு பக்கத்து வளைவும் எதிரெதிராத் தள்ளி சமாதானமாயிடும்!

பிரச்னை வேற இடத்தில். பழைய மெட்ராஸ் கட்டடங்களில் பூசினது சுண்ணாம்புச் சாந்து. அது ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுடும். 'ரிப்பேர்'ங்கிற பேர்ல மேலே சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே மாட்டிக்கிட்டு செங்கல்லை அரிக்கும். பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சா எழுத்தும் பூ வேலையும் மழுங்கிப் போகும். எங்க பாடத்தில் கான்கிரீட்டுக்குப் பேப்பர் பேப்பரா இடம் உண்டு. சுண்ணாம்பு ஒரு பாராவில் முடிஞ்சிடுச்சு. நாளைக்கு இந்த ரிப்பேருக்கெல்லாம் கையெழுத்துப் போடப் போறது நாமதான் என்பது நினைவிருக்கட்டும்!

போனா வராது பாஸ். உஸ்கானின் படிகள் இருக்கு, பாலம் இல்லை. சைதாப்பேட்டையில் இப்போ இருப்பது மறைமலை அடிகள் பாலம். பழசுக்கு மிச்சம் ஒரு கல்வெட்டுதான்.

இறங்கி வந்தப்போ பாட்டி வளைவு நிழலில் ஜம்முனு உட்கார்ந்திருந்தார். ''எத்தனை படி?''

''134-ங்கிறாங்க, 160-ங்கிறாங்க. நான் எண்ணினது பாதியில விட்டுப்போச்சு பாட்டி.''

''உன் வயசுல நானும் எண்ணியிருக்கேன். ஆனா, இந்த வாசலை இன்னிக்குத்தான் பார்த்தேன்.''

அதனால ஒரு வேண்டுகோள். வில்லியம் லாம்டன் 1802-ல் இந்தியாவை அளக்கத் தொடங்கியதே இந்தப் பரங்கிமலைப் பக்கம்தான். நாம நாட்டை அளக்க வேண்டாம். உங்க ஏரியாவில் இருக்கிற ஒரு பழைய வாசலை அளப்போம். கோயிலோ, சர்ச்சோ, மசூதியோ, அனுமதி கேட்டுட்டு டேப்பும் நோட்டுமாப் போங்க. உயரம், அகலம், விரிசல் எல்லாத்தையும் வரைஞ்சு வைங்க. பின்னாடி யாராவது சரி செய்ய வந்தா, உங்க நோட்டுதான் வழிகாட்டி.

உள்ளே போறது அப்புறம். முதல்ல வாசல்ல நில்லுங்க!