கொலையும் நகையும்

கொலை அவலத்துக்கு உரியது, நகைக்கு உரியதன்று. எனினும், கணவனைக் கொன்ற மனைவியின் கதையொன்று கற்றோரையும் நகைக்க வைக்கின்றது. 'கொலைக்களம் செல்லும் ஆட்டுக்குட்டி' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டால் 1953இல் வெளியிட்ட சிறுகதை அது.

மேரி ஆறாந் திங்கட் கருவினள். பொலிஸ் அதிகாரியாகிய கணவன் அவளைக் கைவிடப்போவதாகக் கூறுகின்றான். உறைந்து கல்லாயிருந்த ஆட்டுத் தொடையால் அவன் பின்தலையில் அடித்துக் கொன்றுவிடுகின்றாள். அத்தொடையைப் போறணையில் வேகவிட்டுக் கடைக்குச் சென்று மீண்டு, அப்போதே பிணத்தைக் கண்டவள்போல் அழுகின்றாள். கொலைக்கருவியைத் தேடிக் களைத்த பொலிசார், அவள் வேண்டுகோட்கிணங்கி அவ்விறைச்சியை உண்டவாறே, கருவி தம் கண்முன்னேயே இருக்கக்கூடும் எனப் பேசிக்கொள்கின்றனர். அடுத்த அறையில் மேரி நகைக்கின்றாள்.

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் மடனையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். கேட்டதன் உட்கிடையை நோக்காது மெய்யெனக் கொள்ளுதலே மடன். பெண்ணுக்கு அணியென்று போற்றப்படும் அக்குணம் இங்கே ஆடவரிடத்துக் குடிபுகுந்தது. சமைப்பவள் கொல்லாள் என்ற அவர்தம் துணிபே அவளுக்கு அரணாயிற்று.

நாமும் அவளோடு நகைக்கின்றோம். இறந்தவனுக்கு இரங்க மறந்தோம் என்பது நகை அடங்கிய பின்னரே நெஞ்சில் உறுத்துகின்றது. அவ்வுறுத்தலே இக்கதையின் பயன்.