காப்பக நாய்களைப் பழக்கும் சிறார்: தத்தெடுப்புக்கு வழிவகுக்கும் பயிற்சித் திட்டம் செயல்படுவது எப்படி?

உரிமையாளரால் கைவிடப்பட்டுக் காப்பகத்தில் அடைபட்டிருக்கும் நாயை, மீண்டும் ஒரு வீட்டில் வாழத்தக்கதாகப் பழக்கும் பொறுப்பைக் குற்ற வழக்குகளில் சிக்கிய இளைஞர்களிடம் ஒப்படைக்கும் முறை அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. தெருநாய்கள் தொடர்பாக உச்சநீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு, காப்பகத்துக்குள் செல்லும் நாய் அங்கிருந்து எங்கே போகும் என்ற கேள்வி இந்தியாவிலும் எழுந்துள்ளதால், இம்முறை கவனத்துக்குரியதாகிறது.

ஓரிகான் மாநிலத்தின் உட்பர்ன் நகரில் மெக்லாரன் என்ற சிறார் சீர்திருத்த மையம் உள்ளது. கடும் குற்றங்களில் தண்டிக்கப்பட்ட இளைஞர்கள் 25 வயதை எட்டும்வரை இத்தகைய மையங்களில் வைக்கப்படுவதற்கு அம்மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. அம்மையத்துக்குள் இயங்கிய பள்ளியின் துணை முதல்வராக இருந்த ஜோன் டால்டன், 1993-இல் 'புராஜெக்ட் பூச்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஓர் இளைஞர், ஒரு நாய் என்ற அளவில்தான் அது இருந்தது. விலங்குக் காப்பகங்களிலிருந்து வரும் நாய்க்கு உணவளிப்பது, குளிப்பாட்டுவது, கூண்டைக் கழுவுவது, பழக்குவது என அனைத்தும் அதற்குப் பொறுப்பான இளைஞரின் வேலை. நாய் தத்துக் கொடுக்கப்படும் நாள் வரை அந்தப் பொறுப்பு நீடிக்கும்.

நாயின் தரப்பில் இதன் தேவை மிக எளிமையானது. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 31 லட்சம் நாய்கள் காப்பகங்களுக்கு வருவதாகவும், அவற்றில் சுமார் 3.9 லட்சம் கருணைக்கொலை செய்யப்படுவதாகவும் அந்நாட்டின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஏஎஸ்பிசிஏ 2019-இல் மதிப்பிட்டது. தத்தெடுக்க வருபவர் கூண்டின் முன் நிற்பது சில நிமிடங்களே. அப்போது மேலே பாய்ந்து குரைக்கும் நாயையும், மூலையில் ஒடுங்கி நடுங்கும் நாயையும் அவர் கடந்து சென்றுவிடுகிறார். உட்காரவும், கழுத்து வாரை இழுக்காமல் நடக்கவும், அந்நியரைக் கண்டு அஞ்சாமல் இருக்கவும் கற்றுக்கொண்ட நாய்க்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. வித்தைகள் எதுவும் தேவையில்லை.

இளைஞரின் தரப்பில் நடப்பது சற்று நுட்பமானது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் பயிற்சி முறையில் தண்டனைக்குப் பெரும்பாலும் இடமில்லை. நாய் உட்கார்ந்த நொடியிலேயே பாராட்டோ, ஒரு துண்டுத் தீனியோ கிடைக்க வேண்டும். சில நொடிகள் தாமதித்தாலும் எதற்காகப் பாராட்டப்பட்டோம் என்பது அதற்கு விளங்காது. எனவே பழக்குபவர் தம் கவனம் முழுவதையும் நாயின் உடல்மொழியில் வைத்திருக்க வேண்டியுள்ளது. கத்தினால் நாய் ஒடுங்கும், அடித்தால் கடிக்கக்கூடும். அடிபட்டு வளர்ந்த நாயை நெருங்க வேண்டுமானால், அதை நேராக உற்றுப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, அதுவாக எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். குரலை உயர்த்தியே காரியம் சாதித்துப் பழகிய இளைஞர் ஒருவருக்கு, அந்த வழி இங்கே பலிக்காது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாயே காட்டிவிடுகிறது. அவருடைய வழக்குக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் நாய்க்குத் தெரியாது.

இந்தச் சிந்தனைக்கு முன்னோடி 1981-ஆம் ஆண்டிலேயே இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் பெண்கள் சிறையில், கன்னியாஸ்திரீ பாலின் குவின், கால்நடை மருத்துவர் லியோ பஸ்டாட் ஆகியோரின் முயற்சியால் கைதிகள் நாய்களைப் பழக்கத் தொடங்கினர். இளமையில் வீட்டை விட்டு ஓடி, காப்பு நிறுவனங்களிலும் தெருவிலும் அல்லலுற்ற குவின், ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாயின் துணையால் மீண்டவர்.

எனினும், இத்திட்டங்களின் பலன் குறித்து நிலவும் பெரும் நம்பிக்கைக்கு ஈடான சான்றுகள் இன்னும் திரளவில்லை. புராஜெக்ட் பூச் குறித்த தொடக்ககால ஆய்வு ஒன்று, அதில் பங்கேற்றவர்களில் எவரும் மீண்டும் குற்றத்தில் ஈடுபடவில்லை என்று தெரிவித்தது. ஆனால், நாயை ஒப்படைக்கும் அளவுக்கு நன்னடத்தை உடையவர்களே இத்தகைய பணிக்குத் தேர்வு செய்யப்படுவர் என்பதால், மாற்றத்தை விளைவித்தது பயிற்சியா அல்லது தேர்வா என்று பிரித்தறிவது கடினம்.

இதைத் தீர்க்க முயன்றது, மிச்சிகன் மாநிலத்தின் 'டீச்சர்ஸ் பெட்' திட்டத்தில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வு. தடுப்பு மையங்களில் இருந்த 138 சிறார் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 10 வாரங்கள் காப்பக நாய்களுக்குப் பயிற்சி அளித்தனர். மற்றவர்கள் நாய்களை நடை அழைத்துச் செல்ல மட்டும் அனுமதிக்கப்பட்டனர். முடிவில் இரு பிரிவினரிடமும் பிறர் துயரை உணரும் தன்மை கூடியிருந்தது. எதிர்பாராத வகையில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற உள்மன அறிகுறிகளும் இரு பிரிவிலும் கூடியிருந்தன. அடக்கி வைத்திருந்த உணர்வுகள் வெளிப்பட்டதன் அடையாளமாக இதைக் கொள்ளலாம். தடுப்புக் காவலின் தாக்கம் என்றும் கொள்ளலாம். எவ்வாறாயினும், நேசித்துப் பழக்கிய நாயை வேறொரு குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டு அறைக்குத் திரும்பும் சிறுவனுக்கு, அந்த நாளில் உளவியல் ஆலோசகர் ஒருவர் உடனிருப்பது அவசியம் என்பதையே இம்முடிவு உணர்த்துகிறது. பாராட்டுச் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பகுதி இதுவே.

இந்தியாவில் 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி உத்தரவில், தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அவ்வாறு எடுக்கப்பட்ட நாய் தெருவுக்குத் திரும்பக் கூடாது என்றும் உச்சநீதிமன்றம் கூறியது. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்களிலிருந்து அகற்றப்படும் நாய்களைக் காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்தில் மீண்டும் விடக் கூடாது என்று நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவிட்டது. தத்தெடுப்பு பெருகாவிடில் காப்பகங்கள் நிரம்பி வழியும்.

மறுபுறம், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, சட்டத்துடன் முரண்பட்ட சிறாரைச் சமூக சேவையில் ஈடுபடுத்த சிறார் நீதிக் குழுமத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. 14 வயதைக் கடந்தவர்களுக்கான இச்சேவைகளாகப் பூங்காப் பராமரிப்பு, முதியோருக்கு உதவி, மருத்துவமனைப் பணி போன்றவற்றை 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் எடுத்துக்காட்டுகளாகக் குறிப்பிடுகின்றன. விலங்குக் காப்பகப் பணி அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அப்பட்டியல் அத்துடன் முடிந்துவிடவும் இல்லை.

நடைமுறையில் முதல் தடை ரேபிஸ். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது மட்டும் போதாது. அவற்றைக் கையாளும் சிறாருக்கும் முன்கூட்டியே தடுப்பூசி செலுத்தப்பட வேண்டும். கடிக்கும் இயல்புள்ள நாய்களைத் தொடக்கத்திலேயே விலக்குவதற்கும், ஒவ்வொரு வகுப்பிலும் உடன் நிற்பதற்கும் தேர்ந்த பயிற்றுநர் ஒருவர் தேவை.