பிராடோவா, மொன்டேரோவா? உம்மாவிடமும் கேளுங்கள்!

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, தெஹிவளையில் உறவினர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் இரண்டு ஜீப்கள் நின்றன. ஒன்று டொயோட்டா பிராடோ, மற்றது மிட்சுபிஷி மொன்டேரோ. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று தரகர்கள் கொண்டுவந்து நிறுத்தியவை. வாப்பா, நானாமார், மச்சான் என்று ஆண்கள் எல்லோரும் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்ஜினைப் பற்றியும் டயரைப் பற்றியும் மஃரிப் வரை பேசினார்கள். விறாந்தையில் இருந்த உம்மா மட்டும் மெல்லக் கேட்டார்:

"இதில நான் எப்படி மகன் ஏறுற?"

யாரிடமும் பதில் இல்லை. உம்மா எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு ஏற முயன்றார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது வண்டியிலும் அதே கதைதான். கோடிக் கணக்கில் பணம் போடவிருந்த அந்த வீட்டில், வண்டியில் ஏறப்போகிறவர்கள் யார் என்ற கேள்வி அன்றுதான் முதன்முதலாக எழுந்தது.

நல்ல வாகனம் அல்லாஹ் தரும் அருட்கொடைகளில் ஒன்று. அதைத் தேடுவதில் குற்றமில்லை. ஆனால் அயலவர் பார்த்து வியப்பதற்காகத் தேடுகிறோமா, குடும்பத்தின் தேவைக்காகத் தேடுகிறோமா என்பதை நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டும் ஒரே இனமா?

வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள் போல. இரண்டிலும் ஏழு பேர் அமரலாம். முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2002 இலும் 2009 இலும் வந்த பிராடோக்களில் 2,790 மில்லிமீற்றர், மொன்டேரோவில் 2,780. வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் கட்டமைப்பு வேறு.

பிராடோ, லொறியைப் போல ஏணி வடிவச் செசியின் மேல் உடல் பொருத்தப்பட்ட வண்டி. கல்லும் பள்ளமுமான வயல் பாதையில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். 1999 இன் பின் வந்த மொன்டேரோவில் செசியும் உடலும் ஒன்றாகவே இணைக்கப்பட்டுள்ளன. நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசைந்து கொடுக்கும். ஆகவே கார்ப்பட் வீதியில் ஓட்டம் மென்மையாக இருக்கும். ஆனால் விபத்தில் உடல் நெளிந்த வண்டியை நிமிர்த்துவது இதில் கடினமான வேலை. பழைய விபத்தின் அடையாளம் உண்டா என்று மொன்டேரோவில் இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பிராடோக்களில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும். மொன்டேரோவில் சாதாரண வீதியில் பின் சக்கரங்கள் இரண்டை மட்டும் இழுக்க வைத்து, மழையிலும் சேற்றிலும் நான்கிற்கும் மாற்றிக்கொள்ளலாம். பாவித்த மொன்டேரோ என்றால் இந்த மாற்றம் ஒவ்வொரு நிலையிலும் ஒழுங்காக விழுகிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

என்ஜினில் ஒரு முக்கிய விடயம்

நம் நாட்டில் அதிகம் காணப்படும் டீசல் வண்டிகளில் பிராடோவுக்கு 3.0 லீற்றர், மொன்டேரோவுக்கு 3.2 லீற்றர் என்ஜின். பிராடோவின் 3.0 லீற்றர் என்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. குறித்த தூரத்தில் அதை மாற்றியே ஆகவேண்டும். ஓடும்போது அறுந்தால் என்ஜினுக்கே ஆபத்து. "எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள செப்பு வளையங்கள் கசிகின்றனவா என்பதையும் மெக்கானிக்கைக் கொண்டு பாருங்கள். 2015 இல் பிராடோவுக்கு வந்த 2.8 லீற்றர் என்ஜினிலும், மொன்டேரோவின் 3.2 லீற்றர் என்ஜினிலும் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கிறது. சங்கிலியும் காலப்போக்கில் தளரும். காலையில் குளிர்ந்த என்ஜினை முடுக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

செலவைப் பார்ப்போம். நெடும் பயணத்தில் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருநாளைக்கு கொழும்பிலிருந்து காத்தான்குடிக்குப் போய்வர 600 கிலோமீற்றருக்கு மேல். ஏறத்தாழ 70 லீற்றர் டீசல் வேண்டும். 2022 ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டதை நாம் மறக்க முடியாது. அன்றைய விலையில் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் 32,000 ரூபாவைத் தாண்டும். வரிசையில் இரவு முழுக்க நின்ற நாட்கள் மீண்டும் வரக்கூடாது என்று துஆச் செய்வோம். ஆனால் கணக்கை அந்த நாட்களையும் நினைத்தே போடுவோம்.

பின்வரிசையில் யார்?

ஏழு ஆசனம் என்றதும் ஏழு பெரியவர்கள் வசதியாகப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வண்டிகளிலும் மூன்றாம் வரிசை சிறுவர்களுக்கே ஏற்றது. பெரியவர் ஒருவர் இருந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். 2002 இல் வந்த பிராடோவில் அந்த ஆசனங்கள் மடிந்து இரு பக்கமும் ஒட்டி நிற்கும், பக்கத்து யன்னலை மறைக்கும். 2009 இல் வந்ததில் அவை தரையோடு மடிகின்றன. மொன்டேரோவிலும் தரைக்குள்ளே மடிந்துவிடும். வாங்குமுன் நீங்களே மடித்து விரித்துப் பாருங்கள். வீட்டுப் பெண்களால் தனியாகச் செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் வரிசையை விரித்தால் பெட்டி வைக்க இடம் மிகக் குறைவு. உடனே கூரையில் கட்டுகிறோம். உயரமான வண்டியின் தலையில் பாரம் ஏறினால் வளைவில் கவிழும் அபாயம் கூடும். கடுகண்ணாவையில் இறங்கும்போதும் மஹியங்கனைப் பாதையின் வளைவுகளிலும் இதை நினைவில் வையுங்கள்.

ஒவ்வோர் ஆசனத்துக்கும் பெல்ட் இருக்கிறதா, இழுத்தால் இறுகுகிறதா என்று ஏழையும் சோதியுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவது நம் வழக்கம். திடீரென பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையாலும் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. தகாட்டா நிறுவனத்தின் குறைபாடுள்ள காற்றுப் பைகளுக்காக உலகெங்கும் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான வாகனங்கள் திருப்பி அழைக்கப்பட்டன. நீங்கள் பார்க்கும் வண்டி அதில் அடங்குமா என்று செசி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் விசாரியுங்கள்.

உங்கள் வீட்டு முற்றத்தையும் அளந்துகொள்ளுங்கள். மொன்டேரோவின் நீளம் 4.9 மீற்றர். 2009 இல் வந்த பிராடோ அதைவிடச் சற்றுக் குறைவு. இரண்டின் பின்கதவும் பக்கவாட்டில் திறப்பவை. மதிலை ஒட்டி நிறுத்தினால் கதவே திறக்க முடியாது.

கடதாசிகள் பேசட்டும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. மொன்டேரோவின் உற்பத்தியோ 2021 இல் நின்றுவிட்டது. ஆகவே நம்மில் பலர் வாங்குவது பலர் கைமாறிய பழைய வண்டியே. மீற்றரில் உள்ள தூரத்தை நம்பாதீர்கள். ஜப்பான் ஏலத் தாள், சேர்விஸ் பதிவுகள் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். வரி செலுத்தாமல் கொண்டுவந்து போலி ஆவணங்களால் பதிவு செய்யப்பட்ட ஜீப்கள் கைப்பற்றப்பட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்திருக்கிறோம். அப்படிப்பட்ட வண்டியை வாங்கியவர் வண்டியையும் இழந்து, நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டும். என்ஜின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் வாகனப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதி செய்த பின்னரே பணம் கைமாற வேண்டும். 'ஓபன் பேப்பரில்' வைத்து ஓட்டாமல் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரே ஆண்டு வண்டிகளில் மொன்டேரோவை விடப் பிராடோவுக்கே நம் சந்தையில் விலை அதிகம். விற்கும்போதும் அந்த மதிப்பு பெரும்பாலும் நிற்கும். ஆனால் அந்த மேலதிகப் பணத்துக்காக வட்டிக்கு லீசிங் எடுப்பது வீட்டின் பரக்கத்தையே விலையாகக் கொடுப்பதாகும். இஜாரா, குறைந்து செல்லும் முஷாரகா போன்ற வழிகள் இப்போது நம் நாட்டில் உள்ளன. அமானா வங்கி 2011 இல் முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது. எந்த நிறுவனமானாலும் ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்து, விளங்காததை ஆலிம்களிடம் கேட்டுக் கையொப்பமிடுங்கள்.

இன்னும் இரண்டு விடயங்கள். சொந்தப் பாவனைக்கான வாகனத்துக்கு ஸகாத் இல்லை. ஆனால் அதை வாங்கச் சேர்த்து வைத்த பணம் நிஸாபை அடைந்து ஓராண்டு பூர்த்தியாகிவிட்டால் அதற்கு ஸகாத் உண்டு. 'ஜீப்புக்கான காசுதானே' என்று விட்டுவிட முடியாது. அடுத்தது, மனைவியின் நகை மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து தந்தாலன்றி அதில் கை வைக்கக் கணவருக்கு உரிமையில்லை. முகத்தைப் பார்த்து மறுக்க முடியாமல் தருவது மனமுவந்து தருவதாகாது.

கடைசியில் எது?

கரடுமுரடான பாதையில் அடிக்கடி போகிறவர்கள், பத்து ஆண்டு வைத்திருந்து நல்ல விலைக்கு விற்க எண்ணுபவர்கள், கடனில்லாமல் வாங்கக் கூடியவர்கள் பிராடோவைப் பார்க்கலாம். பெரும்பாலும் நல்ல வீதியில் ஓடுகிறவர்கள், அளவான பணத்தில் விசாலமான வண்டி தேடுபவர்கள், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் அருகில் இருப்பவர்கள் மொன்டேரோவைப் பார்க்கலாம். பெரியவர்களே ஏழெட்டுப் பேர் எப்போதும் சேர்ந்து போகிற வீடு என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு நல்ல வேனைப் பார்ப்பதே புத்தி. எதை வாங்கினாலும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

தெஹிவளை வீட்டார் அன்று எதையும் வாங்கவில்லை. பிராடோவுக்குப் போதாத பணத்துக்கு மருமகளின் நகை பற்றிப் பேச்சு எழுந்தது. வாப்பாதான் "அது அவட மஹர், அதத் தொடாதீங்க" என்று முடித்துவிட்டார். மஷூரா செய்தார்கள், இஸ்திகாராவும் தொழுதார்கள். மெக்கானிக் பார்த்துச் சரி சொன்ன பின், இரண்டு வாரம் கழித்து மொன்டேரோவை எடுத்தார்கள். மிஞ்சிய பணத்தில் முதலில் செய்த வேலை, இடப்பக்கம் அகலமான மிதிபடி ஒன்றும் உள்ளே ஒரு கைப்பிடியும் பூட்டியதுதான்.

முதல் பயணத்தன்று உம்மா மெல்ல மிதிபடியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறி அமர்ந்தார். பயணத்தின் துஆவைச் சத்தமாக ஓதினார். பின்வரிசையிலிருந்து பேரப்பிள்ளைகள் கூடவே ஓதினார்கள்.