பௌதிகம் கற்பிக்கும் முறைகள்: எதனை அளந்து ஒப்பிடுவது?

உயர்நிலைப் பள்ளிகளில் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி காணும் நிலை ஒன்று உண்டு. சூத்திரத்தில் எண்களைப் பொருத்திப் பிழையின்றி விடை காணும் மாணவனிடம், மேல் நோக்கி எறியப்பட்ட பந்து கையை விட்டு நீங்கிய பின்னர் அதன்மீது என்ன விசைகள் செயற்படுகின்றன என்று வினவினால், புவியீர்ப்புடன் "எறிந்த விசையும்" உள்ளது என்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. கருத்து தவறாக இருக்கிறது. எனவே, போதனை முறைகளை ஒப்பிடப் புகுவோர் முதலில் எதனை அளக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இக்கருத்துக்களை அளப்பதற்கென்றே அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனீஸும் மால்கம் வெல்ஸ் முதலிய அவருடைய துணைவர்களும் இயற்றிய வினாத்தாள் 1992-இல் வெளியாயிற்று. இதில் கணக்கு எதுவும் இல்லை. பெரிய லாரியும் சிறிய காரும் மோதும்போது எதன்மீது மிகுதியான விசை தாக்கும் என்பன போன்ற வினாக்களே உள்ளன.

வெல்ஸ் அரிசோனாவில் நீண்டகாலம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பரிசோதனைகளுக்கே முதலிடம் தந்தவர். ஆயினும், இவ்வினாத்தாளுக்கு முன்னோடியான ஒரு தேர்வைத் தம் மாணவர்களுக்கு அளித்தபோது, அவர்கள் பெற்ற மதிப்பெண்கள் அவரைத் திகைக்க வைத்தன. கைகள் வேலை செய்திருந்தன. பழைய எண்ணங்கள் மாறவில்லை. அதன்பின் அவர் வகுத்த முறையில், மாணவர் பரிசோதனையின் முடிவைப் படமாகவும் வரைகோடாகவும் சமன்பாடாகவும் அமைத்து, வகுப்பின் முன் நின்று காரணங்காட்டி நிலைநாட்ட வேண்டும். விரிவுரை, பரிசோதனை, இப்புதிய முறை ஆகிய மூன்றையும் அவர் ஒப்பிட்டபோது புதிய முறையே முதலிடம் பெற்றது. விரிவுரை கடைசியில் நின்றது.

1998-இல் ரிச்சர்ட் ஹேக் வெளியிட்ட பெருந்தொகுப்பும் இதற்கு ஆதரவளிக்கிறது. உயர்நிலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை 62 வகுப்புக்களில் பயின்ற 6,542 மாணவர்களின் மதிப்பெண்களை அவர் ஆராய்ந்தார். பெறக்கூடிய முன்னேற்றத்தில் எவ்வளவு பெறப்பட்டது என்பதே அவருடைய அளவுகோல். விரிவுரை வகுப்புக்களில் இதன் சராசரி 0.23, மாணவர் கலந்துரையாடிப் பங்குகொண்ட வகுப்புக்களில் 0.48. முன்தேர்வில் நூற்றுக்கு 30 பெற்ற வகுப்பு முதல் முறையில் ஏறத்தாழ 46-ஐயும், இரண்டாம் முறையில் ஏறத்தாழ 64-ஐயும் எட்டும் என்பது இதன் பொருள். எனினும், ஆசிரியர்கள் தாமே முன்வந்து அனுப்பிய விவரங்களாதலால் இவ்வெண்களை எல்லா வகுப்புக்களுக்கும் அப்படியே பொருத்துதல் ஆகாது.

பரிசோதனையைச் செய்துகாட்டினால் மட்டும் போதுமா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூரும் அவருடைய துணைவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. பரிசோதனையைக் காணாத மாணவரில் சரியான விளக்கம் தந்தவர் நூற்றுக்கு 22 பேர். கண்டு மட்டும் சென்றவருள் 24 பேர். என்ன நிகழும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டுக் கண்டவருள் 30 பேர். காட்சியினால் மட்டும் விளைந்த பயன் மிகச் சிறிது. முன்கூட்டி எழுதுவதற்குச் செலவாகும் நேரமோ சில நிமிடங்களே.

நம் நாட்டிலும் இதனுடன் தொடர்புடைய அனுபவம் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த விஞ்ஞானத் திட்டத்தில், மாணவர் குழுக்களாகப் பரிசோதித்து விவாதித்தனர். புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் அதில் இடம்பெற்றன. போதனை மாறியபோது தேர்வும் மாற்றப்பட்டது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

பள்ளிகளில் இதனைச் சோதிக்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம். இரு வகுப்புக்களுக்கும் ஒரே பாடம், ஒரே அளவு பாடவேளை, முன்னும் பின்னும் ஒரே கருத்து வினாத்தாள் அமைதல் வேண்டும். வினாக்களை வகுப்பில் விவாதித்தல் கூடாது. ஒரு வகுப்பில், இரு சுருள்வில் தராசுகளைக் கோத்து இழுக்குமுன், ஒவ்வொன்றும் என்ன காட்டும் என்று மாணவர் எழுதட்டும், அருகிலிருப்பவரோடு வாதிடட்டும், பின்னர் இழுத்துப் பார்க்கட்டும். மற்ற வகுப்பில் ஆசிரியர் தாமே செய்துகாட்டி விளக்கலாம். முன்தேர்வில் இரு வகுப்பும் சமமாக உள்ளனவா என்று பார்த்த பின்னரே முடிவு கூறவேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மாணவன் தன் எண்ணத்தை வெளியிட்டு, அதனை இயற்கையோடு ஒப்பிட்டு நோக்க வாய்ப்பளிப்பதே தேவை. அவ்வாய்ப்பின்றித் தேர்ச்சி பெறுபவன், மதிப்பெண்களோடு தன் பழைய தவறான எண்ணத்தையும் சேர்த்தே பள்ளியிலிருந்து எடுத்துச் செல்கிறான்.