கைக்குள் ஒரு கண்! அதைத் திறப்பது யார்?

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும், உள்ளே இருப்பவர்களின் கை பைக்குள் போகும். போன் வெளியே வரும்!

கீழே நீலக் கடல். வரிசையாகப் படகுகள். பக்கத்தில் ரெயில் பாலம். 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்ட புத்தம் புதிய பாலம் அது. படம் எடுக்காமல் இருக்க யாருக்கு மனம் வரும்?

படம் எடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், அந்தப் போனில் உள்ள கேமராவை உரியவர் மட்டும்தான் உபயோகிக்கிறாரா? அதுதான் கேள்வி.

சுவரில் இருந்த கேமரா

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கடற்கரை அருகே, பெண்கள் உடை மாற்றும் அறை ஒன்று இருந்தது. தனியார் நடத்திய அறை. கடலில் நீராடிவிட்டு அங்கே போன ஒரு பெண்ணின் கண்ணில், மறைத்து வைத்திருந்த கேமரா பட்டுவிட்டது. போலீசில் புகார் கொடுத்தார். 2 பேர் கைது செய்யப்பட்டார்கள்.

செய்தி வெளியானதும் நாடே பதறியது. யாத்திரை வந்த குடும்பங்கள் சுவரையும் கூரையையும் உற்றுப் பார்க்கத் தொடங்கின. நல்லதுதான், பார்க்க வேண்டியதுதான்.

சுவரில் இருந்தது அயலான் வைத்த கேமரா. கையில் இருக்கும் போனிலோ முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கேமராக்கள் இருக்கின்றன. அவை அடுப்படிக்கும் வருகின்றன, படுக்கை அறைக்கும் வருகின்றன. அவற்றை அயலானுக்குத் திறந்துவிடுவது யார்? போனுக்கு உரியவரேதான்!

"அமுக்கு, போகட்டும்!"

போனில் விளையாட்டு, பணம் அனுப்புதல், பாட்டு என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு "செயலி" இருக்கிறது. ஆங்கிலத்தில் "ஆப்" என்பார்கள். செயலிக்குத் தானாகக் கேமராவைத் தொட அதிகாரம் கிடையாது. "கேமராவை உபயோகிக்க அனுமதிக்கலாமா?" என்று அது கேட்க வேண்டும்.

வீட்டில் ஒரே போன். பையன் விளையாட்டை இறக்குகிறான். கேள்வி வருகிறது. "அம்மா, என்னமோ கேட்குது!" என்கிறான். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. "அமுக்கு, போகட்டும்!" என்கிறாள் அம்மா.

போய்விட்டது. கேமராவும் போய்விட்டது!

இப்படிக் கேட்பதே பிற்காலத்தில் வந்த வழக்கம்தான். 2015-க்கு முன்பு ஆண்ட்ராய்டு போன்களில், செயலியை இறக்கும்போதே எல்லாவற்றுக்கும் மொத்தமாக "சரி" சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் செயலியே கிடைக்காது. அந்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 6-ல் இருந்துதான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கும் முறை வந்தது.

பாலம் சொல்லும் பாடம்

பாம்பன்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

1914-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி திறக்கப்பட்ட பழைய ரெயில் பாலத்தில், நடுவில் இரண்டு இறக்கைகள் இருந்தன. கப்பல் வந்தால் ஆட்கள் கையால் நெம்பித் தூக்குவார்கள். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி, மோட்டாரின் உதவியால் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. எந்தப் பாலமானாலும் முறை ஒன்றுதான். கப்பல் வந்து காத்திருக்கும். அனுமதி கிடைத்தால் பாலம் திறக்கும். கப்பல் கடந்ததும் மூடிக்கொள்ளும். போன கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கியே வைத்திருந்தால் ரெயில் எப்படிப் போகும்?

போனிலும் அப்படித்தான். கேள்வி வரும்போது மூன்று பதில்கள் தென்படும். "பயன்படுத்தும்போது மட்டும்" என்பது ஒன்று. "இந்த ஒரு முறை மட்டும்" என்பது இன்னொன்று. "வேண்டாம்" என்பது மூன்றாவது. ஒரு முறை மட்டும் என்ற வசதி 2020-ல் ஆண்ட்ராய்டு 11-உடன் வந்தது. சந்தேகம் இருந்தால் அதைத் தொடுவதே மேல். அடுத்த முறை செயலி மறுபடியும் கேட்டுக்கொண்டு நிற்கட்டுமே!

"வேண்டாம் என்றால் போன் கெட்டுவிடுமோ?" என்று சிலர் பயப்படுகிறார்கள். கெடாது. கேமரா தேவைப்படும் அந்த ஒரு வேலை மட்டும் நடக்காது. பிறகு வேண்டுமானால் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது தேவை?

மீன் வாங்கிவிட்டுக் கடையில் உள்ள கட்டம் போட்ட அட்டையைப் பார்த்துப் பணம் அனுப்புகிறோம். அந்தச் செயலிக்குக் கேமரா தேவை. வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் முகம் பார்த்துப் பேசும் செயலிக்கும் தேவை.

கடலுக்குப் போகிறவர்களுக்காக எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் "பிஷர் பிரெண்ட்" என்ற செயலியை உருவாக்கியது. காற்று, அலை பற்றிச் சொல்லும். சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும். பாம்பன் பக்கத்தில் அந்த எல்லை எத்தனை பெரிய விஷயம் என்று மீனவர் குடும்பங்களுக்குத் தெரியும். படகு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்தச் செயலி எப்படி எச்சரிக்க முடியும்? ஆகவே அது இடத்தை அறிய அனுமதி கேட்டால் நியாயம் இருக்கிறது.

சீட்டாட்டம், கால்குலேட்டர், பாட்டு கேட்கும் செயலி, இவைகளுக்குக் கேமரா எதற்கு?

"டார்ச் லைட்" செயலியின் கதை வேடிக்கையானது. அந்தக் காலத்துப் போன்களில் கேமராவின் பளிச் விளக்கைத்தான் டார்ச்சாக எரிய வைப்பார்கள். அதனால் டார்ச் செயலிகள் கேமரா அனுமதி கேட்டன. அதில் தவறில்லை. ஆனால் அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேர் இறக்கிய ஒரு டார்ச் செயலி, ஆசாமி எங்கே இருக்கிறார் என்ற விவரத்தையும் விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவந்தது. 2013 டிசம்பரில் அந்நாட்டு வர்த்தக கமிஷன் அதை அம்பலப்படுத்தி நடவடிக்கை எடுத்தது. விளக்கு எரிந்தது போனில். வெளிச்சத்துக்கு வந்தது போன்காரரின் நடமாட்டம்!

இன்று ஏறக்குறைய எல்லாப் போன்களிலும் டார்ச் கூடவே வருகிறது. தனிச் செயலியே வேண்டாம்.

கடன் கொடுத்து மானத்தைப் பறித்தார்கள்!

எல்லாவற்றையும்விடக் கொடுமை, கடன் செயலிகள் செய்த வேலை.

2020-ல் கொரோனா ஊரடங்கு. வேலை இல்லை, வருமானம் இல்லை. "ஐந்தே நிமிடத்தில் கடன்! ஜாமீன் வேண்டாம்!" என்று செயலிகள் அழைத்தன. கேமராவைத் திறக்கச் சொல்லி முகத்தைப் படம் எடுத்துக்கொண்டன. போனில் உள்ள போட்டோக்களையும், உறவினர்களின் நம்பர்களையும் பார்க்க அனுமதி கேட்டன. பணம் அவசரம். கேட்டதற்கெல்லாம் "சரி" சொன்னார்கள்.

வட்டி, கட்டணம் என்று பிடித்துக்கொண்டு மீதிப் பணம்தான் கைக்கு வந்தது. ஒரு வாரத்தில் முழுத் தொகையையும் கட்டச் சொன்னார்கள். தவறினால் மிரட்டல்! முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, மாமனாருக்கும் முதலாளிக்கும் அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. 2021 ஜனவரியில் சென்னை போலீசார் பெங்களூர் வரை போய், 2 சீனர்கள் உள்பட 4 பேரைக் கைது செய்தார்கள்.

அடகுக்கடைக்காரர் நகையை வாங்கிப் பெட்டியில் வைத்தார். இவர்கள் முகத்தையே அடகு வாங்கினார்கள்!

2022 செப்டம்பர் 2-ந் தேதி ரிசர்வ் வங்கி விதிகளை வெளியிட்டது. கடன் செயலிகள் போட்டோக்களையும், நம்பர்களின் பட்டியலையும், யாரிடம் பேசினார்கள் என்ற விவரத்தையும் தொடக் கூடாது. வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்ய, கேமராவை ஒரே ஒரு முறை மட்டும், அதுவும் அவர் சம்மதித்தால் மட்டும் உபயோகிக்கலாம். 2025 மே மாதம் வந்த புதிய விதிகளிலும் இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. ஒழுங்கான கம்பெனி இதை மதிக்கும். திருடன் மதிப்பானா? ஆகவே, கடன் செயலி போட்டோக்களைக் கேட்டால் அதுவே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது கலியாணப் பத்திரிகை வடிவத்திலும் மோசடி வருகிறது. வாட்ஸ்அப்பில் வரும். திறந்தால் பெண் பெயரும் இருக்காது, மாப்பிள்ளை பெயரும் இருக்காது. செயலி ஒன்று போனுக்குள் ஏறிவிடும். பெயரின் கடைசியில் "ஏபிகே" என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பத்திரிகை அல்ல. தொடாமலே அழித்துவிடலாம்.

எப்படிப் பார்ப்பது?

போனில் "செட்டிங்ஸ்" என்ற இடத்தைத் திறக்க வேண்டும். தமிழில் "அமைப்புகள்" என்று இருக்கும். அதில் "தனியுரிமை". அதற்குள் "அனுமதி". அதற்குள் "கேமரா". போனுக்குப் போன் சொற்கள் சற்று மாறும். கேமராவை உபயோகிக்க அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியல் அங்கே வந்து நிற்கும். "இது எப்போது உள்ளே வந்தது?" என்று வியக்க வைக்கும் பெயர்கள் இரண்டு மூன்றாவது இருக்கும்! பெயரைத் தொட்டு, "வேண்டாம்" என்று மாற்றிவிடலாம்.

போட்டோக்களுக்கான அனுமதி வேறு. கேமராவைப் பூட்டினாலும், எடுத்து வைத்த படங்களைச் செயலி பார்க்க முடியும். 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14-ல் இருந்து, தேர்ந்தெடுத்த சில படங்களை மட்டும் காட்டும் வசதி உண்டு. ஐபோனில் அது 2020-லேயே வந்துவிட்டது.

புதிய போன்களில் இன்னொரு காவல்காரனும் இருக்கிறான். திரையின் மேல் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி! எந்தச் செயலி கேமராவைத் திறந்தாலும் அது எரியும். ஆண்ட்ராய்டில் 2021 முதல், ஐபோனில் 2020 முதல் இது இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மைக் திறந்தாலும் பச்சைதான். ஐபோனில் மைக்குக்கு மட்டும் ஆரஞ்சு நிறம்.

படமும் எடுக்காமல், யாரோடும் பேசாமல் இருக்கும்போது அந்தப் புள்ளி எரிந்தால், மேலிருந்து கீழே விரலால் இழுத்துப் புள்ளியைத் தொட வேண்டும். எந்தச் செயலி என்று ஆண்ட்ராய்டு போன் பெயரைச் சொல்லிவிடும்.

படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் பணம் அனுப்பக் கூடாது. 1930 என்ற நம்பருக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மிரட்டி வந்த செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். போலீசார் முதலில் கேட்பது அதைத்தான்.