நிறம் போனால் நீர் தூயதா?

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, போடுகிற சாயம் முழுவதும் நூலில் பிடிப்பதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. திருப்பூரில் நொய்யல் கெட்டது இதனால்தான். குஜராத்தில் வாழும் நமக்கும் இது புதிதல்ல. ஜெத்பூர் சேலைப் பட்டறைகளால் பாதர் நதி பட்ட பாட்டை நாம் அறிவோம். நான் வேதியியல் படித்தவன் என்பதால், "தென்னைநார்க் கழிவைப் போட்டாலே சாயம் போயிடுமாமே, அப்புறம் ஏன் ஆறு இப்படிக் கிடக்குது?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி.

பஞ்சு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். ஒரு பொருளின் மேற்பரப்பில் சாய மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். பரப்பு அதிகமானால் ஒட்டுவதும் அதிகம். கிளர்வூட்டிய கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். ஒரு கிராம் கரியின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டும். அதாவது இரண்டு கிரவுண்டு மனைக்கும் மேல்! ஆனால் அந்தக் கரி விலை கூடியது. அதனால்தான் ஆய்வாளர்கள் கழிவுகளை நாடினார்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயமும் அவருடைய குழுவினரும் 1990களிலிருந்து வாழைத்தண்டுக் கழிவு, ஆரஞ்சுத் தோல், தென்னைநார்க் கழிவு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். உமி, மரத்தூள், கரும்புச் சக்கை, நிலக்கரிச் சாம்பல் ஆகியவற்றையும் பலர் சோதித்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் இது பட்டறைக்குப் பரவலாக வரவில்லை?

முதல் சிக்கல் மின்னூட்டம். தாவரக் கழிவின் பரப்பில் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் மெத்திலீன் நீலம் நேர் மின்னூட்டம் கொண்டது; சட்டென்று ஒட்டிக்கும். வீட்டிலேயே பார்க்கலாம். டீச் சக்கையை நிறம் இறங்காத அளவுக்குப் பலமுறை கொதிக்கவைத்து அலசி, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தை இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் போடுங்கள். நீலம் வெளுத்துவிடும். அதே சக்கையை கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரில் போட்டால் அந்த அளவுக்கு வெளுக்காது. பருத்திக்குப் போடும் வினைச் சாயங்களும் கேசரிப் பவுடர் போல எதிர் மின்னூட்டம் கொண்டவைதான். அமிலம் சேர்த்தாலோ, கழிவைக் கரியாக்கினாலோ அவையும் ஒட்டும். ஆனால் மலிவு என்ற பேச்சில் பாதி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது, சாயம் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. சாயம் பிடித்த சக்கையைக் குப்பைமேட்டில் கொட்டினால் மழையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இறங்கும்.

மூன்றாவதுதான் பெரியது: உப்பு. அடர் நிறம் நூலில் ஏற, சாயக் குளியலில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுவது வழக்கம். கடல் நீரிலேயே சுமார் 35 கிராம்தான்! அலசும் நீர் கலந்து அடர்த்தி குறைந்தாலும், போட்ட உப்பு எங்கும் போய்விடுவதில்லை. நார்க் கழிவோ கரியோ இந்த உப்பைப் பிடிக்காது. பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனது. அந்த நீரை வெறும் நிறம் நீக்கி விட்டிருந்தாலும் வயல் உவர்ந்துதான் போயிருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும் கொண்ட சுத்திகரிப்பு கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது இதனால்தான்.

அப்படீன்னா கழிவுப் பொருள் ஆராய்ச்சி வீணா? இல்லை. சவ்வுக்குப் போகும் முன் நிறத்தைக் குறைக்கவும், உப்பு அதிகம் சேராத சிறு பட்டறைகளுக்கும் அது கைகொடுக்கும். இனி "மலிவான சுத்திகரிப்பு" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தச் சாயம்? சக்கை எங்கே போகும்? உப்பு என்ன ஆச்சு? தெளிந்த தண்ணீரைப் பார்த்து விவசாயி கேட்பதும் அந்த மூன்றாவது கேள்வியைத்தான்.