சிறந்த பயிற்சி மருத்துவர் யார்? தங்கப் பதக்கம் அளப்பதும் அளக்கத் தவறுவதும்

புதுடெல்லி: டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ, புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவக் கல்வி நிறுவனங்களின் பட்டமளிப்பு விழாக்களில், பட்டம் பெறும் இளம் மருத்துவர்களில் சிலருக்குப் பதக்கங்களும் வழங்கப்படுகின்றன. ஆனால், தேர்வு மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்ட ஒரு பதக்கம் சில விஷயங்களைச் சொல்வதில்லை. அந்த மருத்துவர் நள்ளிரவில் வார்டில் எப்படிப் பணியாற்றினார், நோயாளியின் உறவினரிடம் எப்படிப் பேசினார், காலையில் பணி மாறும்போது அடுத்து வந்தவரிடம் எதைத் தெரிவித்துச் சென்றார் என்பவை அதில் இடம்பெறுவதில்லை.

அரசு மருத்துவமனையில் சேரும் ஒரு நோயாளியின் உயிர், பெரும்பாலும் இந்தப் பணிகளைச் சார்ந்தே இருக்கிறது. எனவே, பயிற்சியில் உள்ள மருத்துவர்களில் சிறந்தவர் யார் என்பதை எந்த அளவுகோலில், யார் முடிவு செய்வது என்ற கேள்வி மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டும் உரியதன்று. நோயாளிகளின் பாதுகாப்புடனும் நேரடித் தொடர்புடையது.

பயிற்சி மருத்துவர்கள் யார்?

நான்கரை ஆண்டு எம்பிபிஎஸ் படிப்பையும் ஓராண்டு கட்டாயப் பயிற்சியையும் முடித்தவர்கள், முதுநிலை நீட் போன்ற நுழைவுத் தேர்வுகள் மூலம் எம்டி, எம்எஸ் படிப்புகளில் சேருகின்றனர். தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்தும் டிஎன்பி படிப்பும் இவற்றுக்கு இணையானது. இவை மூன்றாண்டு காலப் படிப்புகள். இதயவியல், நரம்பியல் போன்ற உயர் சிறப்புப் பிரிவுகளுக்கு டிஎம், எம்சிஎச் என மேலும் மூன்றாண்டுகள் படிக்க வேண்டும்.

இவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை விதிகள் 2023-ன்படி, இவர்கள் அனைவரும் முழுநேர உறைவிட மருத்துவர்களாகப் பணியாற்ற வேண்டும். வெளிநோயாளிகள் பிரிவு, வார்டு, அறுவை அரங்கு, அவசர சிகிச்சைப் பிரிவு என எல்லா இடங்களிலும் நோயாளியை முதலில் பார்ப்பவரும், இரவில் அருகில் இருப்பவரும் பெரும்பாலும் இவர்களே. எம்பிபிஎஸ் மாணவர்களுக்கும் கட்டாயப் பயிற்சியில் உள்ளவர்களுக்கும் ஊசி போடுவது முதல் நோய்க்குறிப்பு எழுதுவது வரை அன்றாடம் கற்றுத் தருபவர்களும் இவர்கள்தான்.

இப்போது உள்ள அங்கீகாரங்கள்

இந்தியாவில் பயிற்சி மருத்துவர்களுக்குக் கிடைக்கும் பாராட்டுகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெறுவோருக்கான பதக்கம். டிஎன்பி இறுதித் தேர்விலும் சிறப்பிடம் பெறுவோருக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்படுகிறது. இரண்டாவது, சிறந்த ஆய்வேட்டுக்கான பரிசு. மூன்றாவது, மருத்துவச் சங்கங்களின் மாநாடுகளில் ஆய்வுக் கட்டுரை வாசிப்போருக்கும் வினாடி வினாவில் வெல்வோருக்கும் தரப்படும் பரிசுகள். நான்காவது, மருத்துவமனையோ துறையோ தானாக முன்வந்து அளிக்கும் சிறந்த உறைவிட மருத்துவர் விருது.

இவற்றில் முதல் மூன்றுக்கும் தெளிவான அளவுகோல் உண்டு. நான்காவது வகைக்கு நாடு முழுவதற்குமான பொதுவான விதிமுறை இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தேர்வு முறையை வகுத்துக்கொள்கிறது. மருத்துவர்களுக்கான புகழ்பெற்ற தேசிய விருதுகள் பெரும்பாலும் நீண்ட அனுபவம் கொண்டவர்களை நோக்கியவை. பயிற்சிக் காலத்திலேயே ஒருவரின் பணித்திறனை அடையாளம் காணும் பொறுப்பு, அவர் பணியாற்றும் மருத்துவமனையையே சாருகிறது.

தேர்வு எதைக் காண்கிறது?

எம்டி, எம்எஸ் இறுதித் தேர்வில் நான்கு எழுத்துத் தாள்கள் உள்ளன. அத்துடன் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடைபெறும். தேர்வாளர்களில் பாதிப் பேராவது வெளியில் இருந்து வர வேண்டும். தேர்வுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். வெளித் தேர்வாளர்கள் இருப்பதால் பாரபட்சம் குறைகிறது. பாட அறிவும் நோயைக் கண்டறியும் திறனும் ஓரளவு சமமாக அளவிடப்படுகின்றன. இது இந்த முறையின் பலம்.

அதே காரணத்தால் ஒரு குறையும் ஏற்படுகிறது. வெளியில் இருந்து வரும் தேர்வாளர், ஒரு மருத்துவரைத் தேர்வு நாட்களில் மட்டுமே காண்கிறார். மூன்றாண்டுப் பணியை அவர் பார்த்ததில்லை. தவறு நேர்ந்தபோது அதை மறைக்காமல் மூத்த மருத்துவரிடம் சொன்னவர் யார், செவிலியரின் எச்சரிக்கையைக் கேட்டு உடனே எழுந்து வந்தவர் யார் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

மருத்துவக் கல்வியாளர்கள் இந்த இடைவெளியை நீண்ட காலமாகவே சுட்டிக்காட்டி வருகின்றனர். அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர், 1990-ல் வெளியிட்ட கட்டுரையில் மருத்துவத் திறனை நான்கு படிகளாக விளக்கினார். அறிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று அறிந்திருப்பது, தேர்வறையில் செய்து காட்டுவது, அன்றாடப் பணியில் செய்வது என்பவை அந்தப் படிகள். எழுத்துத் தேர்வு முதல் இரண்டையும், செய்முறைத் தேர்வு மூன்றாவதையும் அளக்கின்றன. நான்காவது படியை, பணியிடத்திலேயே கவனித்தால்தான் மதிப்பிட முடியும்.

ஒப்படைப்பில் உள்ள உயிர்

அன்றாடப் பணியின் தரம் நோயாளியை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதற்கு ஓர் ஆய்வு சான்றாக உள்ளது. பணி மாறும்போது ஒரு மருத்துவர் அடுத்தவரிடம் நோயாளிகளின் நிலையை ஒப்படைக்கும் முறையைச் சீராக்கினால் என்ன நடக்கும் என்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ஒன்பது குழந்தைகள் நலப் பயிற்சி மருத்துவமனைகளில் ஆராயப்பட்டது. ஐ-பாஸ் எனப்படும் இந்த ஆய்வின் முடிவுகள் 2014-ல் வெளியாகின.

நோயின் தீவிரம், சுருக்கமான விவரம், செய்ய வேண்டியவை, எதிர்பாராத நிலை ஏற்பட்டால் எடுக்க வேண்டிய நடவடிக்கை, கேட்டவர் அதைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்தல் என ஐந்து படிகளில் ஒப்படைக்கப் பயிற்சி தரப்பட்டது. அதன் பிறகு மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. புதிய மருந்தோ புதிய கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. பயிற்சி மருத்துவர்கள் சில நிமிடங்கள் ஒழுங்காகப் பேசிக்கொண்டதே மாற்றத்துக்குக் காரணம். இத்தகைய ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் மருத்துவரை, தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து இனம் காண இயலாது.

பணியிட மதிப்பீடு எப்படி நடக்கிறது?

இதற்காக உலக அளவில் சில முறைகள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் ஒன்று மினி-செக்ஸ் எனப்படும் குறுகிய நேர மருத்துவப் பரிசோதனை மதிப்பீடு. அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் நார்சினி குழுவினர் 1995-ல் இதை விவரித்தனர். பயிற்சி மருத்துவர் ஒரு நோயாளியைப் பரிசோதிக்கும்போது, பேராசிரியர் 15 முதல் 20 நிமிடங்கள் அருகில் இருந்து கவனிப்பார். பின்னர், எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று உடனே எடுத்துரைப்பார். ஒரே ஒரு முறை பார்த்து முடிவெடுப்பது இதில் ஏற்கப்படுவதில்லை. வெவ்வேறு பேராசிரியர்கள், வெவ்வேறு நோயாளிகளிடம் பலமுறை பார்த்த பிறகே மதிப்பீடு நம்பகமாகிறது.

இடுப்புத் தண்டுவட நீர் எடுத்தல், செயற்கைச் சுவாசக் குழாய் செலுத்துதல் போன்ற செயல்முறைகளை நேரில் கவனித்து மதிப்பிடும் முறையும் உள்ளது. இன்னொன்று பலதரப்பு மதிப்பீடு. இதில் பேராசிரியருடன் சக மருத்துவர்கள், செவிலியர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள், சில இடங்களில் நோயாளிகளும் கருத்துத் தெரிவிக்கின்றனர். மேலதிகாரிக்கு முன் பணிவாகவும் மற்றவர்களிடம் கடுமையாகவும் நடந்துகொள்பவர் யார் என்பது இந்த முறையில் வெளிப்பட்டுவிடும்.

விருதுக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்பதிலும் இத்தகைய பரந்த பார்வை சாத்தியமே. அமெரிக்காவில் ஆர்னால்டு பி. கோல்டு அறக்கட்டளை, பரிவும் கற்பிக்கும் திறனும் கொண்ட பயிற்சி மருத்துவர்களுக்கு விருது அளிக்கிறது. அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள், அவர்களிடம் பாடம் கற்ற மருத்துவ மாணவர்களே.

விதிகளில் ஏற்கெனவே இருக்கும் வழி

இந்தியாவில் இதற்கெனப் புதிய அமைப்பைத் தொடக்கத்தில் இருந்து உருவாக்க வேண்டிய தேவையில்லை. முதுநிலைப் பாடத்திட்ட வழிகாட்டுதல்களில், காலாண்டுக்கு ஒருமுறை மாணவரை மதிப்பிடுவதற்கான படிவம் இணைக்கப்பட்டுள்ளது. ஆய்விதழ் வாசிப்பு, நோயாளி சார்ந்த கற்றல், சுயமாகக் கற்றலும் கற்பித்தலும், துறைசார் செயல்பாடுகள், வெளிக்களப் பணிகள், ஆய்வேட்டுப் பணி, பணிப் பதிவேட்டைப் பராமரித்தல் ஆகியவற்றுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் இட வேண்டும்.

7 முதல் 9 வரை பெற்றால் எதிர்பார்ப்பைவிடச் சிறப்பு. 4-க்குக் கீழே சென்றால், குறையைச் சரிசெய்யும் வழியையும் மதிப்பிடுபவர் பரிந்துரைக்க வேண்டும். மாணவரிடம் குறிப்பிடத்தக்க நல்ல பண்போ குறையோ இருந்தால் அதை எழுதவும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மதிப்பீட்டை மாணவரிடமே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் வலியுறுத்தப்படுகிறது.

மூன்றாண்டுகளில் ஒரு மருத்துவருக்கு இத்தகைய சுமார் 12 படிவங்கள் சேரும். இவற்றைப் பெயரளவுக்கு நிரப்பாமல், நேரில் கவனித்து நிரப்பினால், சிறந்த பயிற்சி மருத்துவரைத் தேர்ந்தெடுக்கத் தேவையான சான்றுகள் துறையின் அலமாரியிலேயே இருக்கும். செவிலியர்கள், இளநிலைப் பயிற்சி மருத்துவர்கள் ஆகியோரின் கருத்தையும் இவற்றுடன் சேர்த்தால் படம் முழுமையாகும்.

கண்ணில் படாத இன்னொரு பணி, மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டம். 2020-ல் விதிகளில் சேர்க்கப்பட்ட இத்திட்டத்தின்படி, எம்டி, எம்எஸ் மாணவர்கள் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். இதை நிறைவு செய்தால்தான் இறுதித் தேர்வு எழுத முடியும். பெரிய மருத்துவமனையின் வசதிகள் இல்லாத இடத்தில் ஒருவர் எப்படிச் செயல்பட்டார் என்பதை, மாவட்ட மருத்துவமனையின் மருத்துவர்களே நன்கு அறிவர். அவர்களின் குறிப்பும் கருத்தில் கொள்ளப்பட வேண்டியதே.

நீண்ட நேரம் உழைப்பதே சிறப்பா?

அங்கீகாரத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. வீட்டுக்கே செல்லாதவர், தொடர்ந்து 36 மணி நேரம் நின்றவர் என்பதற்காக ஒருவர் பாராட்டப்பட்டால், ஓய்வின்மையே தகுதி என்ற எண்ணம் வேரூன்றும். மத்திய அரசின் 1992-ம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம், தொடர் பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், இளநிலை உறைவிட மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் வகுத்தது. 2023-ம் ஆண்டு விதிகள் எண்ணிக்கை எதையும் குறிப்பிடாமல், நியாயமான பணி நேரமும் ஓய்வும் தரப்பட வேண்டும் என்று கூறுகின்றன.

நடைமுறை வேறாக இருக்கிறது. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024-ல் அறிக்கை அளித்தது. அதன் இணையவழிக் கணக்கெடுப்பில் 5,337 முதுநிலை மாணவர்கள் பங்கேற்றனர். அவர்களில் சுமார் 45 சதவீதத்தினர், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுவதாகத் தெரிவித்தனர். பணி நேரம் வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு தர வேண்டும், நாள்தோறும் 7 முதல் 8 மணி நேரம் உறங்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று பணிக்குழு பரிந்துரைத்தது.

உறக்கம், உதவித்தொகை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு விருது ஈடாகாது. இவை சரியாகக் கிடைக்காத துறையில் வழங்கப்படும் பாராட்டுச் சான்றிதழை, பயிற்சி மருத்துவர்களே பொருட்படுத்த மாட்டார்கள்.

நல்ல தேர்வு முறைக்குத் தேவையானவை

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் சில அடிப்படைகள் தெளிவாகின்றன. விருதுக்கான அளவுகோல் ஆண்டின் தொடக்கத்திலேயே அனைவருக்கும் அறிவிக்கப்பட வேண்டும். துறைத் தலைவர் ஒருவரின் விருப்பமாக அது சுருங்கக் கூடாது. தேர்வுக் குழுவில் பிற துறை மருத்துவர்களும் செவிலியர்களும் இடம்பெற வேண்டும். தேர்ந்தெடுத்ததற்கான காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும்.

காரணம் எழுத்தில் இருப்பது முக்கியம். சிறந்த மருத்துவர் என்று பொதுவாகச் சொல்வதால் மற்றவர்கள் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. பணி ஒப்படைப்பை ஒருநாளும் தவறவிடாதவர், மருந்தின் அளவில் நேர்ந்த பிழையைத் தானே முன்வந்து தெரிவித்தவர், இறப்புச் செய்தியைக் குடும்பத்தினரிடம் அமர்ந்து பேசித் தெரிவித்தவர் என்று குறிப்பிட்டுச் சொல்லும்போது, அடுத்து வரும் மருத்துவர்களுக்கு எதைப் பின்பற்ற வேண்டும் என்பது புரியும்.

தேர்வில் முதலிடம் பெறுவோருக்கான தங்கப் பதக்கத்தின் மதிப்பு இதனால் குறையப்போவதில்லை. பாட அறிவு இல்லாமல் நல்ல மருத்துவர் உருவாக முடியாது. அந்த அறிவு வார்டில் நோயாளியின் படுக்கையருகே எப்படிப் பயன்படுகிறது என்பதையும் மருத்துவமனை கவனித்துப் பாராட்டும்போதுதான், மதிப்பீடு முழுமை பெறுகிறது.